கொடுவா கட்டுற மாதிரி படம் கட்டினேன்

சாருக்கு இன்ஸ்பிரேஷன் எங்கேயிருந்து வருதுன்னு ஸ்டுடியோவுக்கு வர்றவங்க எல்லாரும் கேட்பாங்க. புதுசா சேர்ந்திருக்கிற உங்க மூணு பேரையும் கேட்பாங்க. சார் பக்கத்தில் இருந்தால் அவரே ஜன்னல் பக்கம் கையை நீட்டி "ஏரி" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். வந்தவங்களும் பேசாமல் நிற்பாங்க. நீங்களும் நின்றுவிடுங்க. சிரிக்கக் கூடாது.

பதினோரு வருஷம் அந்த ஜன்னலைத் துடைத்தவள் சொல்கிறேன். ஏரியைப் பார்க்க உட்கார்ந்தால் சார் தூங்கிவிடுவார். பழவேற்காட்டுக் காத்து அப்படி. சென்னையில் இன்னொருத்தர் படம் பிரமாதம் என்று யாராவது போனில் சொன்னால் அவருக்கு வேலை ஓடும். என் நண்டுக் குழம்பில் காரம் ஏறிப்போனால் ஓடும். கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள்தான் என்று தெரிந்தால் தலைதெறிக்க ஓடும். ஏரி பாவம், அதுபாட்டுக்குக் கிடக்கும்.

முட்டி போய்விட்டதால் நான் வேலையை விட்டேன். "கன்னியம்மா, புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடு" என்று சார் கேட்டார். ரெண்டாம் வகுப்போடு சரி என் படிப்பு. மெதுவாக எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரப்படுகிறவங்க படிக்க வேண்டாம். துணி இழுத்து ஆணி அடிக்கிறது, வெள்ளை பூசுறது, பிரஷ் கழுவுறது எல்லாம் பத்து நாளில் உங்களுக்கு வந்துவிடும். அதை எழுதி என் விரலை நோகடித்துக்கொள்ள மாட்டேன்.

முதல் வருஷம் நடந்தது ஒன்று. சார் அப்போதுதான் இந்தப் பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். பெயிண்டர் வந்திருக்கார் என்று ஊரெல்லாம் பேச்சு. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு ஆள் நேராக உள்ளே வந்தார்.

"இன்னா பெயிண்டரே, புது போட்டு ஒண்ணு தண்ணில இறக்குறேன். பேரு எழுதணும். வர்றியா?"

சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நான் அந்த மாதிரி பெயிண்டர் இல்லைங்க" என்றார்.

"வேற எந்த மாதிரி? வூட்டுக்கு சுண்ணாம்பு அடிக்கிறவரா?"

"போய் எழுதிக் குடுங்க சாரு, ஊர்ல பொழைக்கணும் இல்ல" என்று நான்தான் தள்ளிவிட்டேன். போனார். ஒரு பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்து எழுதினார். எழுத்து ஒவ்வொன்றும் கோவில் தேர் மாதிரி ஒரே வளைவும் நெளிவும். போட்டுக்காரர் தள்ளி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார்.

"இன்னா எழுதிக்கீறேன்னே புரியலையே. சரி விடு, மீனுக்கா படிக்கத் தெரியப்போவுது."

சார் திரும்பி வந்து மூணு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த மூணு நாளில் போட்ட படம்தான் இன்றைக்கும் வர்றவங்க எல்லாரும் நின்று பார்க்கிற படம். மனுஷனைத் திட்டினால் வேலை ஓடுது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் இருந்த வருஷமெல்லாம் அந்தச் சேவையில் நான் குறை வைத்ததே இல்லை.

அந்தச் சேவைதான் ஒருநாள் என் கழுத்துக்கே வந்தது.

இங்கே வருவதற்கு முன்னால் நான் ஏரியில் இறால் தடவியவள். எங்க ஜனத்துக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது, கைதான். பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணிக்குள் மண்டி போட்டு, சேற்றைத் தடவிக்கொண்டே போவோம். கையில் பட்ட இறால் பறிக்குள் போகும். தண்ணி கலங்கல், உள்ளே ஒன்றும் தெரியாது. அதனால் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. தாடை தண்ணியைத் தொடுகிற மாதிரி இருக்கும், முகம் மேலே தூக்கியிருக்கும், பார்வை எங்கேயோ கிடக்கும். வாயில் கயிறு இருப்பதால் பேசவும் முடியாது. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும்.

சார் இதையே ஒரு பெரிய படமாகப் போட்டார். கதவு உயரம். மூணு பொம்பளைங்க இடுப்பளவு தண்ணியில் நிற்கிறாங்க. பறி இடுப்பில். தலையைக் குனிந்து தண்ணியையே பார்க்கிறாங்க. யாரோ எடுத்த போட்டோவையும் தன் மனசையும் கலந்து போட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே கட்டடத்தில் நான் இருக்கிறேன், முப்பது வருஷம் இறால் தடவியவள்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று, "எப்படி?" என்றார்.

"மூணு பேரும் கம்மல தொலைச்சுட்டாங்களா சாரு?"

"என்ன?"

"தேடுறாங்களே."

"அவங்க இறால் பிடிக்கிறாங்க கன்னியம்மா."

"இப்படிப் பிடிச்சா அன்னைக்கு ராத்திரி சோத்துக்கு ஊறுகாதான்."

"இது கலை. போட்டோ இல்ல."

"அதான் சாரு நானும் சொல்றேன். எங்க ஜனம் இதப் பாத்தா மானம் போயிடும். இது மெட்ராஸ் போய்ச் சேராம வழியிலயே ஏதாவது ஆச்சுன்னா நாங்க தப்பிச்சோம்."

வேலை ஓடட்டும் என்றுதான் சொன்னேன். இந்தத் தடவை ஓடவில்லை. முறைத்துவிட்டுப் போனார். நான் சொன்னது அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் சென்னையில் கண்காட்சி. பெரிய கேலரி ஒன்றில் முதல் தடவையாக அவர் படங்களை மட்டும் வைக்கப் போகிறாங்க. அதற்காக ஆறு வருஷம் காத்திருந்தார். சார் முன்னாலேயே சென்னை போய்விட்டார். படங்களைக் கட்டி ஏற்றுவதற்கு எப்போதும் சென்னையிலிருந்து ஒரு ஆள் வருவார். அவர் கட்டும்போது நான் சமையலில் இருப்பேன், பார்த்ததே இல்லை. இந்தத் தடவை அந்த ஆள் காலை உடைத்துக்கொண்டார். சார் போன் செய்தார்.

"வேற யாரையாவது அனுப்பட்டுமா? உனக்குக் கட்டத் தெரியுமா?"

"ஒன்பது வருஷமா இன்னா பண்ணிட்டு இருக்கேன்னு நெனச்சீங்க?"

"இல்ல, படம் காஞ்சிருக்கணும்..."

"காஞ்சதும் காயாததும் எனக்குத் தெரியாதா? போன வைங்க சாரு."

வைத்துவிட்டார். இந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன். கட்டும்போது செய்தது அதற்கப்புறம் வந்த தப்பு. எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு பேர் வாங்கி வைத்திருந்தேன். ஆயில், அக்ரிலிக், கேன்வாஸ் என்று எங்க தெருவில் நின்று நான் இங்கிலீஷில் பேசினால் நாயும் நின்று கேட்கும். அந்தப் பேரை ஒரு போன் பேச்சில் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

எட்டு படம். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அப்புறம் யோசித்தேன். நல்ல பெரிய கொடுவா மீன் ரெண்டு சிக்கினால் எப்படிக் கட்டுவோம்? வயிறோடு வயிறு வைத்து, முதுகு வெளியே இருக்கிற மாதிரி இறுக்கிக் கட்டுவோம். பெட்டியில் உரசினாலும் முதுகுதான் உரசும், வயிறு உடையாது. படத்துக்கும் அதுதானே நியாயம்? படம் உள்பக்கம், துணி வெளிப்பக்கம். ரெண்டு ரெண்டாக முகத்தோடு முகம் வைத்து, பிளாஸ்டிக் சுற்றி, கயிறு போட்டு, முட்டியைக் கொடுத்து இறுக்கினேன். நாலு ஜோடி. வெயிலுக்கு வர்ணம் இளகிவிடப் போகிறதே என்று மேலே ஈரச் சாக்கும் போட்டேன்.

குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது பொன்னேரியில் நிறுத்தச் சொல்லி, சாக்கின் மேல் ரெண்டு குடம் தண்ணி ஊற்றினேன். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மீனும்மா?"

"மீனில்ல, படம்."

"உசுரோட கீதா?"

அவர் கிண்டலில் ஒரு விஷயம் இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

காலை பத்து மணிக்குக் கேலரியில் போய் இறங்கினேன். சனிக்கிழமை கண்காட்சி, அன்றைக்கு வியாழன். கேலரி நடத்துகிற அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, தோள் பையோடு வந்து கையெடுத்துக் கும்பிட்டாங்க. "இவங்கதான் ஸ்டுடியோவையே பார்த்துக்கறாங்களா? எல்லாம் தெரியுமாமே!" என்றாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆயில் எப்படி, அக்ரிலிக் எப்படி என்று அவங்களுக்கே கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். சார்கூடக் கொஞ்சம் பெருமையாகத்தான் பார்த்தார்.

அங்கே படம் மாட்டுகிற பெரியவர் ஒருத்தர் இருந்தார். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பது வருஷமாக ஆணி அடிக்கிற கை. அவர்தான் கட்டைப் பிரித்தார். முதல் ஜோடி, ரெண்டாவது ஜோடி, மூணாவது ஜோடி, ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் பழைய படங்கள். நாலாவது ஜோடியைப் பிரிக்கும்போது கையை எடுத்துவிட்டார்.

"சார், இங்க வாங்க."

இறால் பொம்பளைங்க படமும், காட்டுப்பள்ளித் துறைமுகத்து கிரேன் தெரிகிற மாதிரி போட்ட வானம் படமும். ரெண்டும் அந்த மாசம் முடித்தவை. முகத்தோடு முகம் ஒட்டிக்கிடந்தன. சார் பாய்ந்து வந்து பிடித்து இழுக்கப் போனார். பெரியவர் அவர் கையைத் தட்டிவிட்டார். "இழுத்தா ரெண்டும் போயிடும். ஒண்ணாவது மிஞ்சட்டும்." தரையில் படுக்க வைத்து, மூங்கில் சிராய் ஒன்றை உள்ளே விட்டு, ஒரு மூலையிலிருந்து மெள்ள மெள்ளப் பிரித்தார். அரை நாள் ஆனது. வானம் ஓரளவு தப்பியது. மூணு பொம்பளைங்க பாதி இங்கே, பாதி வானத்தில்.

சார் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேணும்னே பண்ணியா?"

எனக்குப் புரியவில்லை.

"வழியிலேயே ஏதாவது ஆகட்டும்னு நீதானே சொன்னே. காஞ்சதும் காயாததும் தெரியும்னு போன்ல சொன்னே. காலையிலதான் இந்த அம்மாகிட்ட ஆயில் காய எத்தனை நாள் ஆகும்னு பாடம் எடுத்தே. தெரிஞ்சிருந்தும் இப்படிக் கட்டினேன்னா என்ன அர்த்தம்?"

என் இடுப்பில் ஸ்டுடியோ சாவி இருந்தது. ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கும். அதை வாங்க அவர் கை நீண்டது.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. உங்களுக்கும் இப்படி ஒரு இடம் வரும், வராமல் போகாது. எனக்கு ரெண்டு வழிதான் இருந்தது. எல்லாம் தெரிந்தவள் என்ற பேரை வைத்துக்கொண்டால், வேணும்னே கெடுத்தவள் ஆவேன். கெடுக்கவில்லை என்றால், ஒன்றும் தெரியாதவள் ஆவேன். அதுவும் யார் முன்னால்? காலையில் நான் கால் மணி நேரம் பாடம் எடுத்த அந்த அம்மா முன்னால். துரோகி என்று பேர் வாங்குவதா, முட்டாள் என்று பேர் வாங்குவதா என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அரை நிமிஷம் எனக்குத் துரோகியே பரவாயில்லை என்று தோன்றியது. திமிர் அப்படி.

அப்புறம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது சாரு."

"என்ன தெரியாது?"

"வர்ணம் காயறது தெரியாது. மேல தொட்டேன், ஒட்டல. உள்ள பச்சையா கெடக்கும்னு எனக்கு யாரும் சொல்லல. நானும் கேக்கல, கேட்டா தெரியலைன்னு ஆயிடுமே. அம்மாகிட்ட சொன்னதெல்லாம் நீங்க போன்ல பேசுறப்ப காதுல விழுந்தது. அர்த்தம் தெரியாது. கொடுவா கட்டுற மாதிரி கட்டினேன்."

"கொடுவா?"

"வயிறோட வயிறு."

கேலரி அம்மா வாயைப் பொத்திக்கொண்டாங்க. எனக்குத் தலை நிமிரவில்லை. அப்போது மாட்டுகிற பெரியவர், அறுத்துப் போட்டிருந்த கயிற்றைப் பொறுக்கி சாரிடம் காட்டினார்.

"கெடுக்கணும்னு நெனக்கிறவங்க இவ்வளவு அக்கறையா முடிச்சு போட மாட்டாங்க சார். தண்ணி வேற ஊத்திக் கொண்டாந்திருக்குது, பாவம். செத்துடப் போவுதுன்னு."

சார் முடிச்சைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். நீண்ட கை கீழே இறங்கியது.

"ஒன்பது வருஷமா ஒரு மீன்காரி கையிலயா ஸ்டுடியோவைக் குடுத்து வச்சிருந்தேன்?"

"மீனில்ல சாரு. இறால்."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. பெரியவர்தான் சிரித்தார்.

சுவரில் கதவு உயரத்துக்கு ஒரு காலி இடம். நடுச் சுவர், உள்ளே வர்றவங்க முதலில் பார்க்கிற இடம். கேலரி அம்மா யோசித்துச் சொன்னாங்க. "இதையே இப்படியே மாட்டிடலாமே. அழிஞ்சுபோற ஏரியை இப்படிக் காட்டியிருக்கார்னு சொல்லலாம். நல்லாத்தான் இருக்கு." சார் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அந்த வெளிச்சம் தெரியும். ஜன்னல் பக்கம் கை நீட்டி நிற்பாரே, அந்த வெளிச்சம்.

"அது என் தப்பு சாரு. நீங்க எடுத்து மாட்டிக்காதீங்க" என்றேன். "எல்லார் முன்னாலயும் முட்டாள்னு ஒத்துக்கிட்டு நிக்கிறேன். இப்ப நீங்க அத யோசிச்சு செஞ்சதுன்னு சொன்னா, நான் எதுக்கு ஒத்துக்கிட்டேன்?"

சார் கத்தியை எடுத்தார். மூணு பொம்பளைங்களையும் மேலிருந்து கீழ் வரைக்கும் வழித்துப் போட்டார். நாலு மாச வேலை, ஒரு பேப்பரில் சுருட்டிக் குப்பைக்குப் போனது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"எப்படிப் பிடிப்பீங்க? எனக்கும் தெரியாது. காட்டு."

அதைக் கேட்க அவருக்கும் ஒன்பது வருஷம் ஆனது. நான் மட்டும் முட்டாள் இல்லை.

கேலரியின் பின்அறை வழுவழுவென்று டைல்ஸ் போட்ட தரை. புடவையை வரிந்து கட்டி மண்டி போட்டேன். அப்போது முட்டி நன்றாக இருந்தது. பறிக்கு என்ன செய்வது? கேலரி அம்மாவின் தோள் பையை வாங்கி அதன் வாரை வாயில் கவ்விக்கொண்டேன். நல்ல தோல். உப்பு கம்மி. தரையைத் தடவிக்கொண்டே போனேன். சார் குந்தி உட்கார்ந்தார், படுத்தார், என் கூடவே தவழ்ந்தார். "முகத்தை ஏன் தூக்கறே? எங்க பார்க்கறே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாயில் வார் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அவரே பார்த்துப் புரிந்துகொண்டார். நல்லதுதான். நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

வியாழன் சாயங்காலம் தொடங்கி வெள்ளி சாயங்காலம் வரைக்கும் போட்டார். மூணு பொம்பளைங்களுக்கும் என் இடுப்பு, என் தோள். முகம் மட்டும் வேறவேற. வானம் படத்தில் பொம்பளைங்க ஒட்டியிருந்த இடத்தில் ரெண்டு மேகம் போட்டு மூடினார். சனிக்கிழமை காலையில் பெரியவர் பச்சைப் படத்தை ஓரத்தை மட்டும் பிடித்து மாட்டினார். வர்றவங்க உரசிவிடாமல் இருக்க, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தாங்க. பத்து நாள் காவல். "கிட்ட வராதீங்க, பச்சை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தெரிந்ததை மட்டும் சொன்னேன். ஆயில் பற்றிக் கேட்டவங்களை சாரிடம் அனுப்பிவிட்டேன். அவங்க போகும்போது எனக்குக் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நீங்க என்னை விடப் படித்தவங்க. அதனால் உங்களுக்கு இது இன்னும் கஷ்டம். சார் "தெரியுமா?" என்று கேட்கும்போது உங்க வாய் தானாக "தெரியும்" என்று சொல்லும். அந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்க. தெரியாது என்று முதலிலேயே சொன்னால் அரை நாள் போகும். கடைசியில் சொன்னால் நாலு மாசமும் போகும், டைல்ஸில் தவழவும் வேண்டியிருக்கும்.

பத்து நாள் முடிந்து படங்களை இறக்கினாங்க. சார் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீயே கட்டு" என்றார். பெரியவர் பக்கத்தில் நின்று, நடுவில் என்ன வைக்கணும், மூலையில் என்ன வைக்கணும், எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் ரெண்டு தடவை கேட்டேன். ஏழு படம் கட்டினேன், மேகம் போட்ட வானத்தைப் பெரியவர் சொன்னபடி எதோடும் சேர்க்காமல் தனியாக. இறால் பொம்பளைங்க படத்துக்கு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இது உள்ள காஞ்சிருச்சா சாரு? எனக்குத் தெரியாது."

"பத்து நாள் ஏசியில இருந்திருக்கு. காஞ்சிருக்கும்."

"நிச்சயமா?"

"முப்பது வருஷமா இதைத்தான் பண்றேன் கன்னியம்மா. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, பொம்பளைங்க தலைக்கு மேலே இருக்கிற வானத்தில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்திக் காட்டினார்.

விரல் அப்படியே உள்ளே அமுங்கியது. பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் படத்தைக் கேட்டவங்களுக்கு சார் தரவில்லை. இப்போது ஸ்டுடியோவில் நீங்க பிரஷ் கழுவுகிற தொட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறது. வலது பக்கம் மேல் மூலையில் பாருங்க, கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கும். வர்றவங்க அதைக் காட்டி, யாரோ வேலைக்காரங்க கை வைத்துவிட்டாங்க போல என்று சொல்வாங்க. சார் பக்கத்தில் இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். நீங்க திறங்க. என் விரல் அதில் பாதிதான் இருக்கும், வேண்டுமானால் வரச் சொல்லுங்க, வைத்துக் காட்டுகிறேன்.